செடார் இல்லாத பலகை

அக்டோபர் 3, வெள்ளி

பக்கத்து வீட்டு அர்லீன் வேலியோரம் கூப்பிட்டு நிறுத்தினாள். அவள் கொட்டகையில் வருடா வருடம் நடக்கும் இலையுதிர்கால விருந்து பதினெட்டாம் தேதியாம்.

"டுவெய்னும் அவளும் வர்றாங்க. உனக்குச் சங்கடமா இருந்தா வராத. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

நான் ஏன் வராமல் இருக்க வேண்டும்? கட்டின என்னை விட்டுப் போனவன் அவன். வகைவகையாய்ச் சீஸ் அடுக்கி வைக்கும் பலகை என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 6

பூசணி, மேப்பிள் இலை, அத்திப்பழம். அலங்காரத்துக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

அக்டோபர் 9

மருந்துக்கடையில் கிர்ஸ்டன். டுவெய்னின் புது மனைவி. கையில் கர்ப்பிணிகள் சாப்பிடும் வைட்டமின் புட்டி. என்னைப் பார்த்ததும் கைப்பையால் மறைத்தாள். வயிறு இன்னும் தெரியவில்லை. ஊருக்கும் இன்னும் தெரியாது.

பதினோரு வருடம். நான் பேச்சை எடுத்தபோதெல்லாம் அவனுக்கு ஒரே பதில்தான். "குழந்தை எதுக்கு? நாம ரெண்டு பேர் போதாதா?" நானும் போதும் போதும் என்று நாற்பத்திரண்டு வயது வரை இருந்தேன். என்னோட வேண்டாம்னா அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா. வயசாவது மிஞ்சியிருக்குமே எனக்கு.

அக்டோபர் 10

வழி கிடைத்துவிட்டது.

பிள்ளை உண்டானவள் மெத்தென்ற சீஸைத் தொடக்கூடாது, நீலப்பூஞ்சை சீஸும் கூடாது. டாக்டர்கள் முதல் நாளே சொல்லி அனுப்புவார்கள். பலகையில் அவை மட்டும்தான் இருக்கும். சீஸுக்கே பேர்போன விஸ்கான்சினில் பிறந்தவள் சீஸ் வேண்டாம் என்றால் அர்லீன் சும்மா விடுவாளா? கொட்டகைக்கே கேட்கும்படி ஏன் என்று கேட்பாள். டுவெய்ன் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லட்டும். அவன் காது சிவப்பதை நான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 17

வாங்கியாகிவிட்டது. நன்றாகத் தூங்குகிறேன், ஆச்சரியம்.

அக்டோபர் 19, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

ஆட்டுப்பால் சீஸை உருட்டி, மிளகாய்த் தூளில் புரட்டி, நூலால் அழுத்திக் குட்டிப் பூசணிகள் செய்திருந்தேன். நடுவில் மெத்தென்ற பிரீ சீஸ், பெரிய வெள்ளை வட்டமாக, மேலே தேனும் கிரான்பெரியும். ஓரங்களில் நீலச் சீஸ், அத்தி, வால்நட், சிவந்த இலைகள். இவ்வளவு அழகாக நான் எதுவும் செய்ததில்லை.

அர்லீன் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "செடார் சீஸ் எங்கடி? இந்த ஊர்ல செடார் இல்லாமப் பலகை வச்சா போலீஸ் வந்துடும்."

"இந்த வருஷம் வேற மாதிரி," என்றேன்.

அவர்கள் வந்தார்கள். சுற்றிலும் ஆட்கள் சேரும்வரை காத்திருந்தேன். பிறகு பிரீயில் பெரிய துண்டாக வெட்டி நீட்டினேன். "எடுத்துக்கோ கிர்ஸ்டன். உனக்காகத்தான் வாங்கினேன்."

அவள் பலகை முழுவதையும் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் என்னை. துண்டை வாங்கி வாயில் போட்டு மென்றாள். நீலச் சீஸையும் எடுத்தாள். ஒரு பூசணியையும்.

டுவெய்ன் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனான். காது சிவக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

அவள் என் பக்கம் குனிந்தாள். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

"நீங்க எதுக்கு இப்படி வச்சிருக்கீங்கன்னு புரியுது. போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான் கூடாதுன்னாங்க. இப்ப எது வேணா சாப்பிடலாம்."

கத்தி கையிலேயே இருந்தது. "ரொம்ப நல்லாருக்கு, அர்லீன்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அவளும் வெளியே போய்விட்டாள்.

அக்டோபர் 20

அவன்மேல் இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அவள் மென்றதை—

அக்டோபர் 21

பலகையைத் திருப்பிக் கொடுக்க அர்லீன் வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"கிர்ஸ்டன் ஏன் அன்னிக்கு ஒரு மாதிரி இருந்தா? பாதியிலேயே கிளம்பிட்டாங்க. விசேஷம் ஏதாவதா? நீதான் அவகிட்ட ஏதோ பேசிட்டிருந்தியே. சொல்லுடி."

"சளியாம்," என்றேன். "சீஸ் பேர் கேட்டா. வேற ஒண்ணும் பேசல."