சுண்ணாம்புக் குன்றுக்கு நீ எழுதித் தந்த வழி

இதை எழுதும் மேஜை மேல் ஒரு சின்ன வெள்ளைக் கல் இருக்கிறது. முந்தாநாள் சுண்டுவிரல் நுனி அளவு இருந்தது, இன்று அதில் பாதிதான். மீதிப் பாதி எங்கே போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முந்தாநாள் சைக்கிளைக் குளியலறைக்குள் நிறுத்திக் கழுவினேன். துபாய் கராமாவின் இந்த இரண்டு அறை வீட்டில் அதற்கு வேறு இடம் ஏது என்று உனக்குத் தெரியும். பின்சக்கரத்தில் ஒரு கப் தண்ணீர் ஊற்றியதும், கோலமாவைக் கரைத்துவிட்டது போல வெள்ளையாக ஓடியது. கூடவே வாசனை எழுந்தது: நனைந்த புல், ஆட்டுப் புழுக்கை, ஈரச் சுண்ணாம்பு. "அம்மா, வீடு முழுக்க ஃபார்ம் ஸ்மெல்" என்று மகள் கூடத்திலிருந்து கத்தினாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அதை இழுத்து இழுத்து முகர்ந்தேன். அப்போதுதான் டயரின் பள்ளத்திலிருந்து இந்தக் கல் விழுந்தது.

இங்கிலாந்திலிருந்து திரும்பி மூன்று வாரமாகிறது. நீ கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது என்று விளங்காமல் சைக்கிளையும் கழுவாமல் போட்டு வைத்திருந்தேன். தள்ளிப்போடுவதில் நான் எப்பேர்ப்பட்டவள் என்பது உன்னைவிட யாருக்குத் தெரியும்.

நாம் சந்தித்தது பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தில். நீ பாளையங்கோட்டைக்காரி, பர் துபாயில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். நான் சென்னை, ஒரு அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்க்கிற வேலை. நாற்பது வயதில் அகலமான டயர் போட்ட சைக்கிளை வாங்கி, தார் ரோடே இல்லாத இடமாகப் பார்த்து ஓட்ட வேண்டும் என்று உனக்குத்தான் தோன்றியது. என்னை அதில் இழுத்துவிட்டதும் நீதான். ஆறு வருடம். வெயில் தணிந்த மாதங்களில் சனிக்கிழமைதோறும் விடியுமுன் காரின் பின்னால் இரண்டு சைக்கிளையும் மாட்டிக்கொண்டு ஹத்தா பக்கம் போவோம். மலைகளுக்கு நடுவே காய்ந்து கிடக்கும் ஆற்றுப்படுகையில், சரளைக்கல் நறநறக்க ஓட்டுவோம்.

வெயில் ஏறினால் போன் சூடாகி அணைந்துவிடும். அதனால் வழியை மாஸ்கிங் டேப்பில் எழுதி, சைக்கிளின் மேல்கம்பியில் ஒட்டிவிடுவது உன் பழக்கம். கிலோமீட்டர் எண், பக்கத்தில் இடதுக்கு 'இ', வலதுக்கு 'வ', அப்புறம் ஒரு குறிப்பு. மாத்திரை டப்பாவில் எழுதும் அதே கறாரான கையெழுத்து. '8.2 வ, சாஞ்ச முள்ளுமரம்.' '11.5, இங்க தண்ணி குடி.' கைப்பிடியில் இருக்கும் சின்ன மீட்டர் 11.5 காட்டினால் தாகம் இல்லாவிட்டாலும் நான் குடிப்பேன்.

பதினான்காவது கிலோமீட்டரில் படுகை குறுகி, ஒரு பெரிய கரும்பாறை வரும். அங்கே வந்ததும் நான் சொல்லிவிடுவேன்: "போதும்டி, கலாஸ். திரும்பிடலாம்." டூட்டி முடிந்தாலும், பேச்சு முடிந்தாலும், பொறுமை முடிந்தாலும் இந்த ஊரில் எல்லோர் வாயிலும் வருகிற அந்த அரபு வார்த்தை என் வாயில் சற்று முன்னதாகவே வந்துவிடும். நீ பாறைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாய்.

"இன்னும் ரெண்டே கிலோமீட்டர்தாம்ட்டி. என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்துருவோம்."

"என்ன இருக்கப் போகுது, கல்லுதான்."

"சரி வா, கலாஸ் மேடம்" என்று சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்புவாய். ஒரு தடவைகூட என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போனதில்லை.

உன் கடைக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வரும் வெள்ளைக்காரர் ஒருவர் தான் பிறந்த ஊரைப் பற்றிச் சொன்னாராம்: பச்சைக் குன்றுகள், அவற்றின் முதுகில் வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புப் பாதை. அன்றிலிருந்து உனக்கு அதே பித்து. ஆறு மாதம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, செயற்கைக்கோள் படத்தில் வேலி வேலியாகப் பெரிதாக்கிப் பார்த்து, 61.3 கிலோமீட்டருக்கு ஒரு வழி கோத்தாய். முடிவில் ஒரு குன்று. "மேலருந்து பாத்தா எல்லாம் தட்டையாத்தாம்ட்டி கெடக்கு. மேடு எது பள்ளம் எதுன்னு ஒரு எழவும் தெரியல. நேர்ல போய் நின்னாத்தான் உண்டு" என்றாய்.

விசா வந்தது, லீவும் கிடைத்தது. நான்தான் மகளின் பன்னிரண்டாம் வகுப்பைக் காரணம் காட்டி, "அடுத்த வருஷம் போலாம்டி" என்றேன். மகள் தானாகவே படித்துக்கொள்கிறவள். எனக்குக் குளிரையும் ஏற்றத்தையும் நினைத்தாலே அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம். நீ வாதாடவில்லை, லீவைத் திருப்பிக் கொடுத்தாய். அடுத்த வருடம் அதே மாதத்தில் வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தாய்.

நீ படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம் நான் பார்க்க வந்தபோது, தலையணையில் சாய்ந்தபடி, ஸ்டிக்கர் உரித்த வழவழப்பான தாளின் மேல் டேப்பை நீட்டி ஒட்டி எழுதிக்கொண்டிருந்தாய். மூன்று துண்டு. எழுத்து முன்பு போல நேராக இல்லை.

"இந்தா. போயிட்டு வந்து சொல்லு, அந்தக் கடைசி மேட்டுல நின்னா என்ன தெரியுதுன்னு."

"நீயும்தான் வரப்போறே" என்றேன்.

"மருந்துக்கடைக்காரிகிட்டயே பொய் சொல்லுதியாட்டி."

மூன்றாவது துண்டின் கடைசி வரியை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். '57.8 இ, ஏத்தம். இங்க நீ கலாஸ்னு சொல்லுவ. சொல்லாத.' சிரித்தேன். பாதிச் சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு பதினோரு நாள்தான் நீ இருந்தாய்.

இந்த வருடம் போனேன். மூன்று துண்டையும் மேல்கம்பியில் வரிசையாக ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். '3.4 வ, கேட் இருக்கும், தொறந்தா மூடு.' இருந்தது, திறந்து மூடினேன். '19 இ, ஓடை.' மீட்டர் 19.0 காட்டியபோது வேலிக்குப் பின்னால் சலசலவென்று சத்தம் கேட்டது. நான் இறங்கி அப்படியே நின்றுவிட்டேன். ஒருநாளும் இந்த மண்ணை மிதிக்காதவள், கராமாவில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து, இந்த ஓடையை எனக்கு முன்பே கண்டுவைத்திருக்கிறாய். ஏற்றத்தில் மூச்சு வாங்கினேன், இறக்கத்தில் பயந்தேன், ஆடுகள் என்னைப் பார்த்துச் சிரிக்காத குறை. ஆனால் ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை.

ஐம்பத்தைந்தைத் தாண்டியதும் தூறல் போட்டது. துபாயிலிருந்து போகிறவளுக்கு மழை என்றால் விருந்தாளி வந்த மாதிரி. வாயைத் திறந்துகொண்டே ஓட்டினேன். அப்புறம் வழி பார்க்கக் குனிந்தால், மேல்கம்பி முழுக்க நீலமாக வழிந்துகொண்டிருந்தது. ஆறு வருடத்தில் நம் டேப் ஒருநாளும் நனைந்ததில்லை. வெயிலுக்காக என்னென்னவோ யோசித்த நாம் இரண்டு பேரும் மழையை யோசிக்கவே இல்லை. நீயோ ஜெல் பேனாவில் எழுதியிருந்தாய். பதறிப்போய் உள்ளங்கையால் மூடினேன், இன்னும் கலைந்தது. உன் கடைசிக் கையெழுத்து என் விரலில் மையாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து, வேலியோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

நாயோடு நடந்து வந்த ஒரு பெண்மணி, வழி தவறிவிட்டதா என்று கேட்டார். இந்தத் தார் ரோட்டில் இறங்கினால் பத்து நிமிடத்தில் கிராமம், சூடாகத் தேநீர் கிடைக்கும் என்றார். எங்கே போக வேண்டும் என்றதற்குச் சொல்ல என்னிடம் ஊர்ப்பெயர் எதுவும் இல்லை. மீட்டரைப் பார்த்தேன், 57.7. இடது பக்கம் ஒரு வெள்ளைப் பாதை ஏறிக்கொண்டிருந்தது. "இது எங்கே போகும்?" என்று கேட்டேன். "மேலே போகும், அவ்வளவுதான்" என்றார்.

அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அழிந்துபோன வரி அதற்குள் காதில் கேட்டது, உன் குரலிலேயே. முழுங்கிவிட்டு ஏறினேன். நனைந்த சுண்ணாம்பு சோப்பு போல வழுக்கியது. பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் கேள்விக்குப் பதில் இதுதான். தட்டை இல்லை. மழை விட்டிருந்தது. ஒரு குன்றுக்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று, கண் முடிகிற வரை, ஒன்றின் பச்சை மற்றதில் இல்லை. மேக நிழல் ஒன்று மெதுவாக ஒரு மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, காணாமல் போய், அடுத்த மேட்டில் மறுபடி ஏறியது. அந்த நிழல் ஏறி இறங்குவதை வைத்துத்தான் மேடு எது, பள்ளம் எது என்று எனக்குப் புரிந்தது. நீ பார்த்த படங்கள் மேகமில்லாத நாளில் எடுத்தவை, அதனால்தான் உனக்குத் தெரியவில்லை. நான் வந்த பாதை வெள்ளை நூலாக அத்தனையிலும் ஏறி இறங்கிக் கிடந்தது. எவ்வளவு பெரிது, நான் எவ்வளவு சின்னவள். என் அலுப்பு உன்னிடமிருந்து பறித்தது இதைத்தான். மன்னித்துவிடு என்று கேட்கமாட்டேன். கேட்டால் உடனே மன்னித்துவிடுவாய், அதுதான் எனக்குத் தாங்காது.

நேற்று சனிக்கிழமை. ஹத்தாவுக்குத் தனியாகப் போனேன். மேல்கம்பியில் மூன்று துண்டும் இன்னும் ஒட்டியபடியே இருக்கின்றன, நீலக் கறையோடு, ஓர் எழுத்தும் இல்லாமல். 14.0இல் கரும்பாறை. நிற்காமல் தாண்டினேன்.

இரண்டு கிலோமீட்டர் போனதும் படுகை திடீரென்று அகலமாக விரிந்துவிட்டது. நாலா பக்கமும் மலை, துரு நிறத்தில், ஊதாவில், சாம்பலில், வரிசை வரிசையாக எழுந்து நின்றது. நடுவில் நான் மட்டும், சத்தமே இல்லை. நான் சொன்னபடி கல்லுதான். ஆறு வருடம் இதற்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் உன்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

திரும்பும்போது பாறையருகே இறங்கினேன். பையிலிருந்து உன் குன்றின் கல்லை எடுத்து, கரும்பாறையில், நம் டேப்பில் எழுதுகிற மாதிரியே எழுதினேன். கல் பாதி தேய்ந்தது. '14.0, நேரா போ. கலாஸ் சொல்லாத.'

இங்கே மழைக்கு இன்னும் பல மாதம் இருக்கிறது.