சிவப்பு மையில் இரண்டு சொல்

ஆடி 15, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி இன்று என் மூன்றாம் வகுப்பைப் பார்க்க வந்தார். அழகான கையெழுத்துள்ள கொப்பிகளை மட்டும் பொறுக்கி, எங்கள் பள்ளிக்கூட அதிபர் நேற்றே மேசையில் அடுக்கிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே யாழினியின் கொப்பி. கரும்பலகையில் எதை எழுதிப் போட்டாலும் அச்சுப்போலப் பார்த்தெழுதுவாள். எழுதியதில் ஒரு வரிகூட அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

அதிகாரி புரட்டிப் பார்த்து, "முத்து முத்தான எழுத்து" என்றார்.

"சேர், அதை அவளை ஒருக்கா வாசிக்கச் சொல்லுங்கோ," என்றேன்.

அதிபர் குறுக்கே விழுந்தார். "பிள்ளை கூச்சப்படும் சேர். வாங்கோ, தேத்தண்ணி ஆறுது."

அதிகாரி சிவப்பு மையில் "மிக நன்று" என்று எழுதி, கையெழுத்தும் வைத்துவிட்டு வடை தின்னப் போனார். வாசிக்க முடியாத பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்புக் கேட்டு நான் எழுதிய கடிதம் கைப்பைக்குள்ளேயே கிடந்தது.

"பள்ளிக்கூடத்தின்ரை மானத்தை வாங்கப் பாத்தனீங்களோ ரீச்சர்?" என்று அதிபர் பிறகு என்னிடம் சீறினார். மானமாம்!

அவரை மட்டும் திட்டி என்ன? அந்தக் கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் நட்சத்திரம் போட்டவள் நான்தானே.

இடைவேளையில் யாழினி கொப்பியோடு வந்தாள். கண் கலங்கியிருந்தது. சிவப்பு எழுத்துகளின் மேல் விரலை வைத்தாள்.

"ரீச்சர், சேர் எனக்கு ஏசியோ எழுதியிருக்கிறார்?"