வம்சாவளியில் ஒரு நோய்

என்ரை அண்ணைக்கு,

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் உங்கள் நினைவுப் புத்தகத்தில், கல்வெட்டில், தங்கச்சியின் கடிதமும் வேண்டுமாம். உங்கள் நல்ல குணங்களை எழுதச் சொன்னார்கள். வரவில்லை. உங்களில் எனக்குச் சரியான கோபம்.

மருதனார்மடத்தில் பந்தடிக்கப் போனீர்கள். துள்ளி அடித்துவிட்டு விழுந்தவர் எழும்பவில்லை. வெய்யில் என்றார்கள், கண்ணூறு என்றார்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து அலுமாரியைத் துப்புரவாக்கினால், கலியாண வேட்டிக்கு அடியில் உங்கள் இதயத்தை ஸ்கான் பண்ணிய எக்கோ றிப்போட். இதயத் தசை தடித்திருக்கிறது, பரம்பரையாக வரக்கூடியது, சகோதரங்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்கவும், கடும் விளையாட்டு வேண்டாம். திகதி, என் கலியாணத்துக்கு இரண்டு மாதம் முந்தியது.

அம்மாவிடம் நீட்டினேன். அவ வாங்கவில்லை.

"எனக்குத் தெரியும் பிள்ளை. உன்ரை சம்பந்தம் குழம்பிப் போடுமெண்டு, ஒருத்தருக்கும் சொல்லவேண்டாமெண்டவன்."

உங்கள் உயிரைக் கொடுத்து எனக்கு மாப்பிள்ளை எடுக்கச் சொல்லி நான் எப்போது கேட்டேன்?

திருநெல்வேலி ரியூசன் கொட்டிலில் வருசா வருசம் இதைத்தானே படிப்பிக்கிறேன். இரண்டு புரத இழைகள் ஒன்றையொன்று சுற்றி, சுருளுக்குள் சுருளாகக் கிடக்கும். எங்கள் தலைமயிருக்கு உறுதி தருவதும் அந்த முறுக்குத்தான். தசையில் துரோப்போமயோசின் அப்படியொன்று. எப்போது சுருங்கலாம், எப்போது ஓயலாம் என்று காவல் பார்ப்பது அது. அதில் ஒரு அமினோ அமிலம் மாறினாலே முறுக்குப் பிசகி இதயம் தடிக்கலாம். உங்களுக்குப் பிசகியது அதுவா, வேறொன்றா? பார்க்க விட்டால்தானே தெரியும்! அந்தக் கொட்டில் வாசலில் எத்தனை நாள் என்னை இறக்கிவிட்டுப் போனீர்கள். ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

போன கிழமை எனக்கும் எக்கோ எடுத்தேன். ஒன்றுமில்லையாம். அப்போதே சொல்லியிருந்தால் என் சம்பந்தமும் குழம்பியிராது. அது கோபத்தை இன்னும் கூட்டுகிறது.

இப்போது அண்ணி அதே வேலையைத் தொடங்கியிருக்கிறா. உங்கள் மகள் ஆரணி பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீற்றர் ஓடுகிறாள். அவளையும் டொக்டரிடம் காட்டுவோம் என்றேன்.

"பெட்டைப்பிள்ளை. நாளைக்கு ஆர் வந்து கேப்பினம்? கல்வெட்டிலை கில்வெட்டிலை எழுதிப்போடாதை."

பக்கத்து அறையிலிருந்து ஆரணி வந்தாள். "மாமி, நான் ஓடலாமோ?"



கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் எங்கள் வம்சாவளி வருகிறது. உங்கள் பெயருக்குக் கீழே நோயின் பெயரைப் போட்டிருக்கிறேன். இளவயதில் தோட்டத்துக்குள் விழுந்து செத்த, அப்பாவின் தம்பி சின்னையாவின் பெயருக்குக் கீழே ஒரு கேள்விக்குறி. அச்சகக்காரர் போன் எடுத்தார்.

"ரீச்சர், உது பிழையா வந்திட்டுதோ? எடுத்துவிடவோ?"

"இல்லை. எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ."

கனடா, லண்டன் என்று எங்கடை ஆக்கள் இருக்கிற வீடெல்லாம் இது போகும். வாசித்துவிட்டு ஏசட்டும். ஏசிவிட்டு டொக்டரிடம் நெஞ்சைக் காட்டட்டும்.

முப்பத்தொன்றுக்கு மறுநாள் காலை ஆரணியை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். அண்ணி அழுதாலும் போவேன். டொக்டர் சொல்வதை அவளுக்கு ஒளிக்கமாட்டேன். ஓடு என்றால் ஓடட்டும், நில் என்றால் அவளோடு நானும் நிற்பேன். என் கலியாணத்துக்காக நீங்கள் செய்ததை அவள் கலியாணத்துக்காக ஒருத்தரும் செய்ய விடமாட்டேன்.

உங்களை இன்னும் மன்னிக்காத,
உங்கடை ஒரே தங்கச்சி
வதனி