சத்திக்காரருக்கு எடுத்த வேட்டி

அக்கா,

இன்று காலை பீரோவைத் திறந்தேன். ஒரு பெண் தைக்கக் கொடுத்த ரவிக்கைத் துணியை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். அடித்தட்டுக்குக் கை போனதும் அந்துருண்டை வாசம் குப்பென்று அடித்தது. நான் அந்துருண்டை போடுவதில்லை, எனக்குத் தலைவலி வரும், உங்களுக்கே தெரியும். அது உங்கள் வீட்டு வாசம். பச்சைக் கரை வேட்டியும் துண்டும், கடைக்காரர் மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாமல் அங்கே கிடந்தன. ரவிக்கைத் துணி போகிறது போ என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே சந்துக்காரி என்றாலும் என்னைச் சித்தி என்றே கூப்பிடும் உங்கள் மகன், வீட்டைக் காலி செய்தபோது, "சித்தி, அம்மா ஞாபகமா எதாச்சும் எடுத்துக்குங்க" என்றான். பட்டுச் சேலைகளை எடுத்துப் பரப்பினான். நான் இந்த வேட்டியைக் கேட்டேன். அவன் முழித்தான். ஆம்பளை இல்லாத வீட்டில் புது வேட்டி எதற்கு என்று யோசித்திருப்பான், பாவம். யாருக்கு எடுத்தது என்று நான் சொல்லவில்லை. வாயைத் திறந்திருந்தால் அழுகைதான் வந்திருக்கும்.

ஆர்.எஸ்.புரத்தில் நம் சந்து முனையிலிருந்து பூ மார்க்கெட் போகும் வழியில், மூடிக் கிடந்த ஒரு கடையின் ஷட்டர் ஓரம் அவர் இருந்தார். தினமும் காலையில் நாம் இரண்டு பேரும் பூ வாங்கப் போவோம். எல்லாரையும் போல நானும் அந்த இடம் வந்ததும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நடப்பேன். நீங்கள் ஒரு நாள் நின்றுவிட்டீர்கள். குனிந்து, ஏதோ கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்பது போலக் கேட்டீர்கள்.

"ஏனுங்க, உங்களுக்கு எந்தூருங்க?"

அவர் உங்களையே பார்த்தார். உள்ளே எங்கேயோ போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்தது போல, "சத்திப் பக்கமுங்க" என்று சத்தியமங்கலத்தைச் சொன்னார்.

"அட, எனக்குக் கோபிங்க! அப்பறம்? வாய்க்கால்ல தண்ணி உட்டுட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். ஊர்ப்பக்கம் போயே எத்தனை வருசம் ஆனதோ, அந்த மனுசனிடம் போய் வாய்க்கால் தண்ணியா? ஆனால் அவர் யோசித்துப் பதில் சொன்னார்: "இந்நேரம் உட்டிருப்பாங்கங்க." அன்றிலிருந்து அவர் உங்களுக்குச் சத்திக்காரர். நீங்கள் அவருக்குக் கோபி அம்மணி.

மறுநாளே சோத்து டப்பாவோடு ஒரு சொம்புத் தண்ணியையும் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். தேய்த்துப் பளபளவென்று இருந்த எவர்சில்வர் சொம்பு. "பாட்டல்ல ஊத்திக் குடுத்தா ஆகாதா? சொம்பைத் தூக்கிட்டுப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்றேன். "போனாப் போவுது. ஒறம்பரைக்கு யாராச்சும் பாட்டல்ல குடுப்பாங்களா?" என்றீர்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வாசலிலேயே சொம்பை நீட்டி, அவர் குடித்து முடித்த பிறகுதான் நாம் மற்ற பேச்சையே எடுப்போம். அதை அப்படியே பிளாட்பாரத்துக்குக் கொண்டு போனீர்கள். "அவரு எங்கீங்க வந்தாரு, நீங்கதான அவர்கிட்டப் போறீங்க?" என்று நானும் விடவில்லை. "போனா என்ன, வந்தா என்ன. உனக்கு வாய் மட்டும் இல்லீன்னா நாய்கூட சீந்தாது" என்று என் வாயை அடைத்தீர்கள்.

அவர் ஏன் வீட்டைவிட்டு வந்தார், பெண்டாட்டி பிள்ளை உண்டா, ஒன்றையும் நீங்கள் கேட்டதில்லை. ஒரு தடவை நான் கேட்க வாயெடுத்தேன். நீங்கள் முறைத்த முறையில் கப்சிப் ஆகிவிட்டேன். மழை, வெயில், வாழைத்தார் விலை, உங்கள் ஊர்க் கோயில் நோம்பி, இவ்வளவுதான் உங்கள் பேச்சு. அவருக்கு வெடிப்பு விட்ட கால், சிக்குப் பிடித்த தாடி. ஆனால் உங்களோடு பேசும்போது மட்டும் முதுகை நிமிர்த்தி உட்காருவார். அதை நான் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும்போது தவறாமல் ஒன்று சொல்வீர்கள். "ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க."

அவரும் தவறாமல், "ஆகட்டுங்க, வாரனுங்க" என்பார்.

நம் பக்கத்தில் யார்தான் இதைச் சொல்வதில்லை? பஸ் ஸ்டாப்பில் சொல்கிறோம், ரேஷன் கடையில் சொல்கிறோம், பேர் தெரியாத ஆளிடமும் சொல்கிறோம். கூப்பிட்ட அத்தனை பேரும் வந்து நின்றால் உலை வைத்து மாளுமா? கூப்பிடுகிறவருக்கும் தெரியும், கூப்பிடப்படுகிறவருக்கும் தெரியும், அது வாய்ப் பழக்கம். அப்படித்தான் நானும் நினைத்தேன். "ஏனக்கா, அந்தாளு நெஜமா வந்து நின்னுபோட்டா?" என்று கிண்டல் செய்தேன். உங்கள் முகம் சுண்டிப்போனது. "வரோணும்னுதான கூப்புடறேன்" என்றீர்கள். அடுத்த வாரமே என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய் இந்த வேட்டியை எடுத்தீர்கள். முதல் தடவை வீட்டுக்கு வருகிறவரைத் துணி வைத்துக் கொடுக்காமல் அனுப்பக் கூடாதாம். "அவரு வாசல்ல வந்து நிக்கறப்பவா கடைக்கு ஓட முடியும்?"

அவர் வரவில்லை. வேட்டி அந்துருண்டையோடு உங்கள் பீரோவில் காத்திருந்தது.

அப்புறம் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, "சத்திக்காரரு பாத்துட்டு இருப்பாரு, நான் வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு" என்றீர்கள். விடிந்ததும் போய்ச் சொல்கிறேன் என்றேன். விடிவதற்குள் நீங்களே போய்விட்டீர்கள். உங்களைக் கோபிக்குக் கொண்டு போனோம். வண்டியில் உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து வந்தேன். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது, அக்கா.

கருமாதி முடியும்வரை கோபியிலேயே இருந்தேன். உங்கள் சனம் பெரிய சனம், வந்தவர் போனவருக்கெல்லாம் இலை போட்டார்கள். பந்தி பரிமாறிவிட்டுக் கை கழுவும்போது என் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. நம் சந்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ. சந்தேகப்படும்படி ஓர் ஆள் நிற்கிறார், எல்லாரும் உஷாராக இருங்கள் என்று எழுதியிருந்தது.

உங்கள் வீட்டு கேட். பூட்டுத் தொங்குகிறது. முன்னால் ஒருவர் நிற்கிறார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலைக்குக் குளித்துப் படிய வாரியிருந்தார். தாடியை யாரோ வெட்டிவிட்டிருக்கிறார்கள். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். கையில் ஒரு கவர், அதற்குள் சாத்துக்குடி. உடம்புக்கு முடியாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போவார்களா?

"யாரு வேணுங்க?" என்று எதிர் அப்பார்ட்மென்ட்காரர் குரல் கேட்கிறது.

"கோபி அம்மணிங்க. கொஞ்ச நாளாக் காணமுங்க. ஒடம்புக்கு முடியலையோ என்னமோ, பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"இங்க யாரும் இல்லீங்க. கெளம்புங்க."

"ஊட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். அவர் கேட் ஓரமாக, வழிக்கு இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்தார். "வரட்டுங்க, இருக்கறனுங்க."

அக்கா, அந்த வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நீங்கள் செத்துப்போய்விட்டீர்கள் என்று அங்கே ஒருத்தர்கூட அவரிடம் சொல்லவில்லை. அவ்வளவு பேர் நிற்கிறார்கள், எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. அந்தாளிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். போன் செய்தார்கள், காப்பக வேன் வந்தது, ஏற்றினார்கள். ஒருவரும் கை வைக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. "ஏறுங்க, பாத்து ஏறுங்க" என்று ஒறம்பரையை வழியனுப்புகிற மரியாதையோடு அனுப்பிவைத்தார்கள். வீடியோவுக்குக் கீழே குரூப்காரர்கள் வரிசையாகப் போட்ட கும்பிடு பொம்மைகள். நல்ல வேளை பார்த்தீர்கள், நல்ல வேளை பார்த்தீர்கள்.

கோபியிலிருந்து திரும்பியதும் அந்த எதிர் அப்பார்ட்மென்ட்காரரிடம் போய்க் கத்தினேன். என் வாயைத்தான் உங்களுக்குத் தெரியுமே. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நல்லதுக்குத்தானுங்க பண்ணுனோம். அங்க நேரத்துக்குச் சோறு போடுவாங்கல்ல?" என்றார். அவரும் கெட்டவர் இல்லை, கோயிலில் அன்னதானம் என்றால் கரண்டியோடு முதலில் நிற்பவர். தெருவில் நின்று மூச்சு வாங்கினேன்.

காப்பகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். "இருங்கன்னு எவ்வளவோ சொன்னோமுங்க. யாரையோ பாக்கோணும்னு கெளம்பிட்டாரு" என்றாள். மூடிக் கிடந்த கடையில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அவர் உட்கார்ந்த இடத்தில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள், யாரும் உட்காரக் கூடாதென்று. உக்கடம் பஸ் ஸ்டாண்டு, ஸ்டேஷன் வாசல், காந்திபுரம் பாலத்தடி என்று அலைந்தேன். எத்தனை பேர் கிடக்கிறார்கள் அக்கா. ஒவ்வொரு போர்வையாகக் குனிந்து பார்த்தேன். விலக்கிப் பார்த்தபோதெல்லாம் வேறு யாரோ ஒருவர் பயந்து எழுந்தார்.

கடைசியில் சத்தியமங்கலத்துக்கே பஸ் ஏறினேன். அவரைக் கண்டால் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அம்மணி உங்களைக் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை, அம்மணியே உயிரோடு இல்லை. அவ்வளவுதான். அது தெரியாமல் அந்த மனுசன் எங்கேயோ உட்கார்ந்து, கூப்பிட்டது வெறும் வாய்ப் பேச்சுத்தான் போல என்று நினைத்துக்கொண்டிருப்பாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் விசாரித்தேன். "ஆளு பேரு என்னங்க?" என்றார் கடைக்காரர்.

பேர் தெரியாது. நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நம் ஆட்களுக்கு ஊரைக் கேட்டால் போதும், சொந்தமே வந்துவிட்ட மாதிரி. "நாங்க சத்திக்காரருன்னு கூப்புடுவோமுங்க" என்றேன்.

"இங்க எல்லாரும் சத்திக்காரருதானுங்க" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பாவம், அவர் பயந்துபோய்த் தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். ஆற்றுப் படித்துறையில் படுத்திருந்தவர்களை எல்லாம் பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் அக்கா. ஏன் கூப்பிட்டீர்கள்? சோறு போட்டோமா, வந்தோமா என்று இருந்திருந்தால், அவர் பாட்டுக்கு அந்த ஷட்டர் ஓரமாவது இருந்திருப்பார். இப்படிக் கேட்பது பாவம்தான். ஆனாலும் கேட்கிறேன். இந்த ஊரில் உங்களைத் தவிர யாரும் நிஜமாகக் கூப்பிடுவதில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மார்க்கெட் பக்கம் இப்போது ஓர் அம்மா இருக்கிறாள். சொம்போடு போகிறேன். முதலில் பேரைக் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தினமும் கேட்கிறேன், தினமும் திருப்பிக்கொள்கிறாள். கிளம்பும்போது ஊட்டுக்கு வாங்க என்று நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுகிறது. யாரிடமும் அதைச் சொல்ல முடிவதில்லை எனக்கு. உங்கள் வீட்டில் வேறு ஆட்கள் குடி வந்துவிட்டார்கள். அதனால், அவர் மறுபடி வந்தால் நுழையட்டும் என்று என் வீட்டு கேட்டைப் பகலெல்லாம் திறந்தே போட்டிருக்கிறேன். தெருநாய் வருகிறது, ஒரு மாடு வந்து செம்பருத்தியைத் தின்றுவிட்டுப் போனது. வேறு யாரும் வரவில்லை.

வேட்டியைத் திரும்பப் பீரோவில் வைக்க மனம் வரவில்லை. பூ வாங்கப் போகிற பையில் வைத்துவிட்டேன். இனி நான் போகிற இடமெல்லாம் அதுவும் வரும். தேடினால் கிடைப்பார் என்ற நம்பிக்கை எல்லாம் எனக்கு இல்லை. ஒருவேளை அவர் நீங்கள் போன இடத்துக்கே வந்துவிட்டாரா? வந்திருந்தால், மொதல்ல தண்ணி குடுங்க அக்கா. அவர் குடித்து முடித்ததும், அன்றைக்குக் கதவு ஏன் பூட்டியிருந்தது என்று சொல்லிவிடுங்கள். இங்கே அவரிடம் யாரும் சொல்லவில்லை.