காற்று பார்த்துச் சொன்ன அக்காவுக்கு

அக்கா, இன்று பீரோவைத் திறந்து துப்பாக்கி சுடும்போது நீங்கள் போடும் ஜாக்கெட்டை எடுத்து வெயிலில் போட்டேன். கெட்டித் துணியும் தோலும் வைத்துத் தைத்த அந்தச் சட்டையில் வேர்வை வாசனை இன்னும் போகவில்லை. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அண்ணி சட்டைய யாருக்குனா குடுத்துடேன்" என்றார். உள்ளே போய் உலை வைத்தேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் என்றால் ரைபிள் கிளப்பில் யாரும் நம்பமாட்டார்கள். துப்பாக்கி சுட வேண்டுமென்று நாம் எங்கே ஆசைப்பட்டோம்? மாமனார் போன பிறகு, கரும்புக் காவலுக்கு அவர் வைத்திருந்த துப்பாக்கியின் லைசென்ஸை மாற்ற, வீட்டில் யாராவது பயிற்சிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார்கள். ஆண்கள் இருவருக்கும் கரும்பு வெட்டு. "வா, நாம போய்ட்டு வந்துடலாம். இதுங்கள நம்பிக்கினு இருந்தா ஒண்ணும் ஆவாது" என்று மணலூர்பேட்டையில் என்னைக் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றினீர்கள்.

சான்றிதழுக்காகப் போனவர்கள், ஐம்பது மீட்டரில் குப்புறப் படுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறும் போய் நின்றோம். அப்புறம் முந்நூறு மீட்டர்மேல் ஆசை வந்தது. அவ்வளவு தூரத்தில் குறி பார்ப்பது பாதி வேலைதான், காற்று குண்டைத் தள்ளிவிடும். ஜோடியாகச் சுடும் போட்டிகளில் ஒருவர் பக்கத்தில் படுத்துக் காற்று சொல்லலாம் என்றார்கள். நான் சுடுவது, நீங்கள் ஸ்கோப் என்கிற தூரக்கண்ணாடியில், வெயிலில் நெளியும் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்துக் காற்றைச் சொல்வது என்று பிரித்துக்கொண்டோம்.

காற்றைப் பழகுவதற்கு வெறும் ஸ்கோப்போடு கல்வராயன் மலைக்குப் போனோமே. ரோட்டோரம் பாய் விரித்துக் கவிழ்ந்து கிடந்த நம்மைப் பார்த்து ஒரு மலைக்கார அம்மா ஓடி வந்து, "எங்க ஊருக்கு ரோடு போட அளக்கிறீங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா, காத்து பாக்கறோம்" என்றீர்கள். "காத்துல பாக்க இன்னா இருக்குது?" என்று அவர் சலித்துக்கொண்டு போனார். நீங்கள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிரித்தீர்கள். பிறகு, "பாவம், ரோடுன்னு சொல்லி இருக்கலாம்" என்று வருத்தப்பட்டீர்கள்.

முதல் போட்டியை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. "நல்லா போவுது, அப்படியே வுடு" என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் சுட்டேன். எல்லாக் குண்டும் நடுவில்தான், ஆனால் அடுத்தவருடைய இலக்கு அட்டையில். நீங்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நமக்குப் பூஜ்யம். நான் அழுதேன். "பக்கத்து எலைக்குப் பரிமாறிட்டோம்டி. சாப்பாட்டுல இன்னா குத்தம்?" என்றீர்கள். மாநிலப் போட்டிக்கு ஒரு தபா போய்விட்டு வந்து, அப்புறம் இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தோம்.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகு மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை. எனக்கு உங்கள்மேல் கோபம்தான் அக்கா. மறைத்து என்ன ஆகப்போகிறது?

கிளப்பில் வேறு ஆள் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், நானே பார்த்துச் சுடுகிறேன் என்றேன். தேறாவிட்டால் இதோடு விட்டுவிடுவது என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போன ஞாயிற்றுக்கிழமை தேர்வு நடந்த வெளியூருக்குப் போனேன். ஸ்கோப்பில் கானலைப் பார்த்துவிட்டு ரைபிளுக்குக் கண்ணைக் கொண்டுவருவதற்குள் காற்று மாறிவிடுகிறது. முதலில் சுட்டதெல்லாம் வலப்பக்கம் ஒதுங்கியது. விசையில் விரலை வைத்துக்கொண்டு, நீங்கள் சொல்வீர்கள் என்று கிடந்தேன். நேரம் ஓடியது. அப்புறம் என் வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பித்தது: "இரு, இரு. இப்ப அடிக்குது. அடங்கட்டும். ம், வுடு." பக்கத்தில் படுத்திருந்தவர் திரும்பி, "யார்கிட்ட பேசறீங்க?" என்றார். நான் அடுத்ததைச் சுட்டேன்.

தேறிவிட்டேன் அக்கா. தேறியவர்களில் கடைசி ஆள். எல்லோரும் கை கொடுத்தார்கள். எனக்கு டீ குடிக்கக்கூடத் தோன்றவில்லை. பஸ்ஸில் தூங்கிப்போய், நம் ஊருக்குப் பஸ் மாற வேண்டிய கள்ளக்குறிச்சியில் கண்டக்டர்தான் எழுப்பினார்.

தேறியும் ஏன் இப்படிச் சோர்ந்து கிடக்கிறாய் என்று வீட்டில் தினமும் கேட்கிறார்கள். மாநிலப் போட்டிக்குப் போகத்தான் போகிறேன். ஆனால் காற்றையும் நானே பார்த்து, சொல்வதையும் நானே சொல்லி, சுடுவதையும் நானே சுட வேண்டியிருக்கிறது. உங்கள் களைப்பையும் சேர்த்து எனக்கே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.