வாசலில் எடுத்த பதினெட்டுப் படங்கள்

ஆவூர் பெரியநாயகி மாதா துணை

ஆவூர்,
26.02.2026, வியாழன்

என் செல்ல மகள் ஜாஸ்பினுக்கு உன் அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தம்பி ஜெஸ்வின், கொட்டகையில் கிடக்கும் சினையாடு வரைக்கும் எல்லோரும் சுகம். அங்கே தாய்லாந்தில் நீயும் உன் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்து நான்கு பேரும் சுகமாக இருக்க மாதா துணை நிற்கட்டும். தினமும்தான் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இந்த மனுஷன் எதற்குப் பேனாவை எடுத்தார் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், தெருவே கேட்கிறது. இது ஸ்பீக்கரில் பேசக்கூடிய சமாச்சாரம் இல்லை. அதோடு எனக்கு எழுதினால்தான் வரும், சிங்கப்பூரில் இருந்த பதினோரு வருஷமும் எழுதிப் பழகிய கை. பக்கத்துத் தெரு சிவபிரகாஷ் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை பாங்காக் போகிறான், அங்கே இறங்கியதும் உன் விலாசத்துக்குத் தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அவன் வழியில் பிரித்துப் படிக்காமல் இருக்க சோற்றுப் பருக்கையை வைத்து நன்றாக ஒட்டித்தான் கொடுப்பேன்.

முதலில் வீட்டு நடப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்புறம் மறந்துபோகும். சிங்கப்பூர்ப் பயணத்துக்கு இன்னும் இரண்டரை வாரம் கிடக்க, உன் அம்மா பெட்டியை அடுக்கி, பிரித்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். முப்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று நீ சொன்னாலும் சொன்னாய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நெல் வியாபாரி தராசில் வைத்து எடை போட்டோம். முப்பத்தாறு இருந்தது. நாலு கிலோ கருவாடு இருந்ததாக அப்புறம்தான் தெரிந்தது. கோட்டைப்பட்டினத்திலிருந்து ஆள் சொல்லி வாங்கியிருக்கிறாள், உனக்குப் பிடிக்குமாம். போய்ப் பத்து நாளில் மகளையே கையோடு ஊருக்குக் கூட்டி வரப்போகிறோம், கருவாடு எதற்கு விமானம் ஏற வேண்டும் என்று கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனைக்கும் அவள் தவக்காலம் முழுக்க மாமிசம் மச்சம் தொடுவதில்லை என்று ஒறுத்தல் இருக்கிறாள். தவக்காலத்தில் ஊர் சுற்றுவது பாவமா என்று பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டாள். சுற்றுவது பாவமில்லை, சுற்றிவிட்டு வந்து அலட்டிக்கொண்டால்தான் பாவம் என்று அவர் சொல்லிவிட்டார். அதை அவள் என்னைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். குருத்து ஞாயிறுக்கு முன்னால் திரும்பிவிடுவோம் என்பதால் ஒரு குறையும் இல்லை. கோயில் முன்பக்கத்துக்கு ஈஸ்டர் பெயிண்ட் நான்தான் அடித்தேன், இந்த வருஷம் இளம்நீலம். ஜெஸ்வினுக்கு கம்பெனியில் லீவு கிடைத்துவிட்டது. உன் அத்தை ஜெயராணி தைலம், சென்ட், குடை என்று ஒரு முழத்துக்கு லிஸ்ட் கொடுத்திருக்கிறாள். ஆட்டை அவள்தான் பார்த்துக்கொள்ளப்போகிறாள், அதனால் லிஸ்டைக் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீயும் அங்கே எல்லாவற்றையும் பதறாமல் முடித்துக்கொண்டு கிளம்பு பாப்பா. மார்ச் பதின்மூன்றாம் தேதி கடைசி வகுப்பு என்றாய். அனுபவச் சான்றிதழை முத்திரையோடு கையில் வாங்கு, மெயிலில் அனுப்புகிறோம் என்பார்கள், தலையாட்டிவிட்டு வந்துவிடாதே. அறைச் சாவியைக் கொடுத்ததற்கு ஒரு எழுத்து வாங்கிக்கொள். ரைஸ் குக்கரைச் சுமக்காமல் யாருக்காவது கொடுத்துவிடு. பிள்ளைகள் அழுதால் நீயும் அழுதுகொள், டீச்சர் என்றால் கல்லாட்டம் நிற்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அந்த ஊர் பாஷை ஒரு சொல் தெரியாமல் போன பிள்ளை, ஒரு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து, வகுப்பு முழுவதையும் தேற்றிவிட்டு வருகிறாய். எனக்கு ஏற்பட்டிருக்கும் பெருமையை இந்தத் தாளில் எழுதி முடியாது. அடுத்து எங்கே வேலை என்று யார் கேட்டாலும் ஊர் திரும்பிய பிறகு பேசலாம் என்று சொல்லிவிடு, எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய பயணத் திட்டத்தை ஜெஸ்வின் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறான். பதினாறாம் தேதி நாங்கள் திருச்சியிலிருந்து சிங்கப்பூர், நீ பாங்காக்கிலிருந்து சிங்கப்பூர், சாயங்காலம் ஏர்போர்ட்டில் சந்திப்பு, அதெல்லாம் கனகச்சிதம். பதினேழாம் தேதிக்கு நேராக மட்டும் ‘அப்பா டே’ என்று எழுதி, அன்றைக்கு முழுவதும் அப்பா நம்மைச் சுற்றிக்காட்டுவார், அப்பா அனுப்பிய படங்கள் ஆல்பத்தில் இருக்கும் வரிசையிலேயே என்று போட்டிருக்கிறாய். அதைப் பார்த்த நாளிலிருந்து நான் ஃபிரிட்ஜ் பக்கமே போகாமல் பானைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறேன். அது போதாது என்று போன வாரம் நீ அந்த ஆல்பத்தை ஜெஸ்வினிடம் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, வகுப்பில் காட்டி, பிள்ளைகளை எனக்குக் கேள்வி எழுதச் சொல்லி, அதையெல்லாம் படம் பிடித்து அனுப்பினாய். கடைசி வகுப்பன்று வீடியோவில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டாய். பறவைப் பூங்காவில் கிளி சைக்கிள் ஓட்டியது என்று எழுதியிருந்தேனே, அது என்ன கலர் சைக்கிள் என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. சிங்கச் சிலை துப்புகிற தண்ணீர் உப்புக் கரிக்குமா என்று இன்னொன்று. மூன்றாவது பெஞ்சில் உட்காருவாள் என்று சொன்னாயே ஃபா, அந்தச் சின்னப் பெண், உங்கள் அப்பா எல்லாப் படத்திலும் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கிறாரே, அவர் அங்கே வாட்ச்மேனா என்று கேட்டிருக்கிறாள். நீ அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மை நாலு போட்டு அனுப்பினாய். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன்.

பாப்பா, அந்தப் பெண் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். நான் வாட்ச்மேன் இல்லை. ஆனால் அந்த வாசல்களைத் தாண்டி ஒரு இடத்துக்கும் நான் போனதில்லை. ஆறு வருஷமாக ஈஸ்டருக்கு ஒன்று, உன் பிறந்தநாளுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று நான் உனக்கு அனுப்பிய பதினெட்டுப் படமும் ஒரே ஞாயிற்றுக்கிழமை எடுத்தவை. எனக்குக் கப்பல் யார்டில் பெயிண்ட் வேலை என்று உனக்குத் தெரியும். ஞாயிறு என்றால் அங்கே இரட்டைச் சம்பளம், அதை விட்டுவிட்டு ஊர் பார்க்க யாருக்கு மனசு வரும்? அப்போது உனக்கு மூன்று வயது. அப்பா அங்கிட்டு என்னத்தப் பாத்தாகன்னு புள்ள கேட்டுக்கிட்டே இருக்கு, எதையாச்சும் எழுதுங்க என்று உன் அம்மா கடிதம் போட்டிருந்தாள். நான் பார்த்தது கப்பலின் அடிவயிறும் தங்கியிருந்த அறையின் இரும்புக் கட்டிலும்தான். அதை மூன்று வயதுப் பிள்ளைக்கு என்னவென்று எழுதுவது?

அந்தச் சமயத்தில் என் அறையில் இருந்த பெரியகருப்பன், அதுதான் கறம்பக்குடியில் டயர் கடை வைத்திருக்கிறாரே உன் மாமா, ஊருக்குக் கொண்டுபோக ஒரு கேமரா வாங்கியிருந்தார். ஒரு ஞாயிறு வர வேண்டிய கப்பல் வரவில்லை, ஓவர்டைம் இல்லை. முப்பத்தாறு படம் பிடிக்கிற ரோல் ஒன்று, மூன்று சட்டை, ஒரு தொப்பி, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு விடியும்போதே புறப்பட்டோம். நீலச் சட்டை என்னுடையது, சிவப்பு அவருடையது, மஞ்சள் அடுத்த கட்டில்காரரிடம் இரவல். ரயில் ஸ்டேஷன் கழிப்பறையில் சட்டையை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஓடினோம். எனக்குப் பதினெட்டு, அவருக்குப் பதினெட்டு. சிங்கச் சிலைக்கு மட்டும் டிக்கெட் இல்லை, அதன் பக்கத்தில் நிற்க முடிந்தது. தண்ணீரைக் குடித்துப் பார்க்கவில்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொல். மற்ற இடத்திலெல்லாம் டிக்கெட் விலையைப் பார்த்ததும் உனக்கு ஒரு கவுன் எடுக்கலாமே என்று தோன்றும், வாசலோடு திரும்பிவிடுவேன். கிளி சைக்கிள் ஓட்டியது வாசலில் இலவசமாகக் கொடுத்த நோட்டீஸில் பார்த்தது. கேபிள் காரில் ஏறியபோது காது அடைத்தது என்று எழுதினேனே, அது ஏறியவர் ஒருவர் சொன்னது. படம் பதினெட்டும் தீர்ந்ததும் கேமரா ரிப்பேர் என்று எழுதிவிட்டேன். நீ அதையெல்லாம் ஆல்பத்தில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே கோணல் எழுத்தில் பெயர் எழுதி, அப்பா மாதிரி நானும் ஊர் ஊராகப் போவேன் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்து, சொன்னபடியே போயும் விட்டாய். அப்பா மாதிரி என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு முள் தைக்கும். பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள் பாப்பா.

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசனை கேட்க பஸ் ஏறி கறம்பக்குடிக்கே போனேன். பெரியகருப்பன் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டிலும் அதே சட்டைகளோடு பதினெட்டுப் படம் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறதாம், என் வீட்டில் பூசணிக்காய் உடைந்தால் அவர் வீட்டிலும் உடையுமாம். சிங்கச் சிலையை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டார்கள், பறவைப் பூங்காவையும் மாற்றிவிட்டார்கள், எல்லாம் மாறிப்போச்சு, எனக்கு அடையாளமே தெரியலைன்னு சொல்லிட்டு அந்த நாளை ஓட்டிட்டு வாங்க என்று யோசனையும் கொடுத்தார். நல்ல யோசனைதான். திரும்பி வரும் வழியெல்லாம் அதைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஆனால் மகள் அவ்வளவு செலவு செய்து கூட்டிப்போகிற ஊரில், அவள் எதிரில் நின்றுகொண்டு அங்கேயும் ஒரு பொய்யா என்று நினைத்தபோது மனசு ஒப்பவில்லை. அவர் விஷயம் மட்டும் உன்னோடு இருக்கட்டும், டயர் கடைக்கு யாரும் போன் போட வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா காபியோடு வந்து, என்ன எழுத்து, எனக்குத் தெரியாமல் என்று நின்றுவிட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவாள், இல்லாவிட்டால் அழுவாள் என்று பார்த்தேன். அவள் பாட்டுக்கு உள்ளே போய் ஆல்பத்தை எடுத்து வந்து என் எதிரில் விரித்துவைத்து, படத்தில் என் இடது கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினாள். அந்த வாரம் யார்டில் பெயிண்ட் குழாயை இறுக்கும் ஹோஸ் கிளிப் கிழித்து விரலில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது பாப்பா. எனக்கு அது ஞாபகமே இல்லை. பதினெட்டுப் படத்திலும் அந்தக் கட்டு இருக்கிறது. முதல் படம் வந்தபோது பதறிப்போய் வெள்ளியில் கை உருவம் வாங்கி மாதாவுக்குக் காணிக்கை போட்டாளாம். இரண்டாவது படத்திலும் கட்டைப் பார்த்துவிட்டு ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொன்னாளாம். நடுவில் நான் லீவுக்கு வந்தேன், விரல் நன்றாக இருந்தது. திரும்பிப் போய் அனுப்பிய படத்தில் மறுபடியும் அதே கட்டு. அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. பிறகு ஏன் இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டேன்.

“கேட்டா அடுத்த படம் வராதுல்லங்க. புள்ள தபால்காரர் சைக்கிள் சத்தத்துக்குக் காத்துக்கிட்டு நிக்கும். நீங்க பாத்தீங்களோ பாக்கலையோ, அது பாத்துச்சு.”

இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணி வந்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. மாதாவுக்குப் போட்ட வெள்ளிக் கையைத் திருப்பிக் கேட்கலாமா என்று மட்டும் கேட்டேன், அதற்கு ஒரு அடி விழுந்தது.

ஆகவே பதின்மூன்றாம் தேதி நான் வீடியோவில் வருகிறேன், சட்டையெல்லாம் தேய்த்து வைத்திருக்கிறாள் உன் அம்மா. முதல் பதில் ஃபாவுக்குத்தான். வாசல் வரைக்கும் போனேன், உள்ளே என்ன இருக்கிறது என்று இதுவரை எனக்குத் தெரியாது, உங்கள் டீச்சர்தான் இனிமேல் கூட்டிப்போகப்போகிறார் என்று நான் தமிழில் சொல்கிறேன், நீ அவர்கள் புரிந்துகொள்ளும்படி சொல். பயணத் திட்டத்தில் பதினேழாம் தேதியை அடித்துவிடாதே, ‘அப்பா டே’ என்றே இருக்கட்டும். ஆனால் நீ முன்னால் நட, நான் பின்னால் வருகிறேன். என்மேல் வருத்தமிருந்தால் ஏர்போர்ட்டில் பார்த்ததும் இரண்டு திட்டு திட்டிவிடு, அதற்குமேல் பயணத்தில் சுமக்க வேண்டாம், நம் பெட்டி ஏற்கனவே எடை கூடுதல்.

கிளம்புகிற அன்று பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொள், பெட்டியில் போடாதே. வெறும் வயிற்றோடு விமானம் ஏறாதே. சிங்கப்பூருக்குச் சூயிங் கம் கொண்டுவராதே. பெரியநாயகி மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாள். நீ நூறு வயது நன்றாக இரு, நினைத்த ஊரெல்லாம் பார், பார்த்த ஊரிலெல்லாம் நாலு பிள்ளைகள் உன் பெயர் சொல்லட்டும். உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் வைக்கிறோம்.

இப்படிக்கு,
பதினெட்டு வாசலைப் பார்த்த உன் அப்பா
சூசைமாணிக்கம்
(கூட இருந்து திருத்தங்கள் சொன்னது அம்மா மரிய செல்வி)

மறக்காமல்: பறவைப் பூங்காவுக்கு நாலு டிக்கெட் எடு. அங்கே போய் விலையைப் பார்த்துவிட்டு, எனக்குக் கால் வலிக்கிறது, நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்று நான் கட்டாயம் சொல்வேன். கேட்காதே, கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போ.