511-க்கு அடுத்த எண்

12.06.2006
ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் நான் சி மொழியில் எழுதிய ப்ரோகிராம் இன்று ஓட ஆரம்பித்தது. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு டோக்கன். கேட்டில் பூமாலை அண்ணன் பொத்தானை அழுத்தினால் போர்டில் அடுத்த எண்; 999 முடிந்தால் மறுபடி 1. "இனிமே லாரிக்காரன் என் சட்டையப் புடிக்க மாட்டான்ல பாப்பா?" தலையாட்டினேன்.

03.07.2006
போர்டில் 511-க்கு அப்புறம் 256 வந்ததாம். அது நேற்றே முறையைத் தவறவிட்ட லாரி. சட்டென்று உள்ளே போய்விட்டது. வரிசையில் நின்றவர்கள் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். "மிஷினு பொய் சொல்லுமா? நீதான்யா மாத்திவுட்ட."

04.07.2006
அண்ணனை மூட்டை ஏற்றும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாதக் கடைசியில் வேலையை விட்டே நிறுத்திவிடுவார்களாம். எங்கள் ஆபீஸ் முதலாளி இளையபெருமாள் சார் கேட்டார்: "நம்ம ப்ரோகிராம்ல தப்பு இல்லல்ல?" இல்லை சார் என்றேன். தெரியாமல்தானே சொன்னேன்?

09.07.2006
தெரிந்துவிட்டது.
நினைவகத்தில் முதலில் கேட் எண், ஒரு பைட். பிறகு டோக்கன் எண், நான்கு பைட். நடுவே கம்பைலர் விடும் மூன்று பைட் இடைவெளி வீண் என்று நெருக்கி அடுக்கச் சொன்னேன். கல்லூரியில் இதற்குப் பாராட்டு வாங்கியவள் நான். எண் இருக்கும் முகவரி நான்கின் மடங்காக இருந்தால் பிராசஸர் அதை ஒரே மூச்சில் எழுதும், படிக்கும். எல்லா கேட்டுகளும் ஐந்தைந்து பைட்டாக நெருங்கியதில், இந்த கேட்டின் டோக்கன் எண் நினைவகத்தின் இரண்டு கட்டங்களில் விழுந்துவிட்டது: கீழ் பைட் ஒன்றில், மற்ற மூன்றும் அடுத்ததில். இரண்டு மூச்சு.
511: மேலே 1, அதாவது ஒரு 256; கீழே 255. 512: மேலே 2, கீழே 0. கீழே மாறி, மேலே மாறுவதற்குள் இன்னொரு பிராசஸர் போர்டுக்காகப் படித்திருக்கிறது. மேலே 1, கீழே 0. 256.
ஓட்டிப் பார்த்தேன். லட்சத்தில் ஏழு தடவை அதே தப்பு.

10.07.2006
சாரிடம் சொன்னேன். "இடைவெளி வுட்டு சரி பண்ணிடு. ஆலைல வாயத் தொறக்காத."
சரி பண்ணிவிட்டேன். வாய் திறக்காமல் இருப்பது எனக்கு எப்போதும் சுலபம். பிறகு ஏன் சோறு இறங்கவில்லை—

11.07.2006
ஆலை மேனேஜரிடம் போனேன். "தப்பு பூமாலை அண்ணனோடது இல்லைங்க. என்னோடது." தாளில் கட்டம் போட்டுக் காட்டினேன்.

12.07.2006
சார் இனி வர வேண்டாம் என்றார். அம்மா மட்டும், "டிகிரிய யாரும் புடுங்கிக்கலல்ல? சாப்புடு" என்றாள்.

29.07.2006
ஆலை கேட்டுக்குப் போனேன். அண்ணன் பழைய இடத்தில். போர்டில் 509. காத்திருந்தேன். 510. 511. பொத்தானை அழுத்தினார்.
512.
திரும்பி, சுவரில் சுண்ணக்கட்டியால் 512 என்று எழுதினார். சுவர் முழுக்க வரிசை தப்பாத எண்கள். நான் பார்ப்பதைக் கவனித்து, "ஒன் மேல கோவம் இல்ல பாப்பா. கை தானா எழுதுது" என்றார்.
அடுத்த லாரி ஹாரன் அடித்தது. 513-ஐயும் எழுதினார்.